நிறுத்தக் கூடாத பாடம்

என் மகன் பதிவு செய்து வைத்த பாடங்களில் கடைசி ஏழு பாடங்களையும் பள்ளியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று என் மருமகள் சொன்னபோது, நான் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் புறப்பட்டுச் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தேன். மேல் பொத்தான் வரை போட்டு முடித்த பிறகுதான் திரும்பினேன். கோபம் வந்துவிட்டது என்பதற்காக அரைகுறை உடுப்போடு நின்று பேசுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

"யாரோட பாடம்னு தெரிஞ்சுதான் பேசுறியாம்மா?"

"தெரியும் மாமா. அவரோடது."

"உன் புருஷனோடது."

"நானும் அதைத்தான் மாமா சொன்னேன்."

"கூட்டத்துல இந்தப் பேச்சை எடுக்காதே."

"இன்னைக்கு எடுக்கல. ஆனா அடுத்த கூட்டத்துக்குள்ள நீங்க ஒரு முடிவு சொல்லணும். அதுக்கப்புறம் மத்த ஸ்கூலுக்கெல்லாம் திறந்துவிட்டுடுவோம். போனது போனதுதான்."

பள்ளியைக் கட்டியவர் என் தகப்பனார். நுழைந்ததும் கூடத்தில் இருப்பது அவருடைய படம். அவருக்குப் பிறகு நிர்வாகக் குழுத் தலைவர் நான். நான் ஆசிரியன் அல்ல. நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் என் மகன் ஆசிரியன். பெரிய இடங்களிலிருந்து அழைப்பு வந்தும் போகாமல், தாத்தா கட்டிய பள்ளியில் இயற்பியல் நடத்தினான். என்னைப் பெரியவர் என்றும் அவனைச் சின்னவர் என்றும் எல்லோரும் சொல்வார்கள். பிள்ளைகள் எனக்கு 'இஸ்திரி' என்று வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். சட்டையில் மடிப்பு இல்லாமல் வருகிறவனை வேறு எப்படிச் சொல்வார்கள்? அதை நான் குற்றமாக எடுத்துக்கொண்டதில்லை.

மகனுக்கு எலும்பில் நோய் வந்தது. நடக்க முடியாமல் போன பிறகு, வீட்டுப் படுக்கையில் சாய்ந்தபடியே பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினான். அதே பள்ளியில் கணினி ஆசிரியையாக இருந்த மருமகள்தான் படுக்கைக்குப் பக்கத்தில் மைக்கைப் பொருத்திக் கொடுத்தாள். திரையில் படங்கள் வரும். பின்னால் அவன் குரல் வரும். ஆண்டு முழுவதற்குமான பாடத்தையும் பேசி முடித்தான். கடைசிப் பாடம் முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டு, "எல்லாம் முடிச்சுட்டேம்பா" என்றான். ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காமல் போகவில்லை அவன். அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவனுடைய இறுதிக் காரியங்கள் எல்லாவற்றையும் நான் நின்று செய்தேன்.

அதற்குப் பிறகு நடந்த முதல் கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். சின்னவர் பாடங்களைப் பள்ளி இருக்கும்வரை நடத்த வேண்டும். தொடங்குமுன் வகுப்பு எழுந்து நிற்க வேண்டும். பாடம் ஓடும்போது யாரும் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தி, அரட்டை அடித்து, மறுபடி ஓட்டி, அவன் குரலைக் கடை வாசல் ரேடியோ போல ஆக்கிவிடக் கூடாது என்பதுதான் என் எண்ணம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மருமகள் துக்கத்தில் முடங்கிவிடவில்லை. விளையாட்டுச் சாமான்கள் அடைந்து கிடந்த அறையை ஒழித்துத் தனக்கு வாங்கிக்கொண்டாள். சுவரோரம் அலமாரி நிறைய டேப்லெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர். தரையில் கால் வைக்க இடமிருக்காது. பள்ளி முழுவதற்கும் டிஜிட்டல் கல்விப் பொறுப்பு அவளிடம் வந்தது; மற்ற ஆசிரியர்களும் தங்கள் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அவள் செய்ததில் பெரிய விஷயம் ஒரு சின்னப் பொத்தான். பாடம் ஓடும்போது பிள்ளையின் கையிலுள்ள டேப்லெட்டில் 'புரியல' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் யார் அழுத்தியது என்று தெரியாது. ஆனால் பாடத்தின் எந்த இடத்தில் அழுத்தினார்களோ அந்த இடம் ஆசிரியரின் திரையில் சிவக்கும். ஆசிரியர் அங்கே நிறுத்தி விளக்குவார். பிள்ளைகள் அவளுக்குப் பட்டன் மேடம் என்று பெயர் வைத்தார்கள்.

ஆசிரியர்கள் முதலில் முரண்டு பிடித்தார்கள். கணக்கு ஆசிரியர் தன் பாடம் முழுக்கச் சிவந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, "இருபது வருஷ சர்வீஸ்ல என்னை இப்படி யாரும் அவமானப்படுத்தினது இல்ல" என்று என்னிடமே வந்து நின்றார். மருமகள் அவரை உட்கார வைத்து, "சார், அது உங்களுக்குப் போட்ட மார்க் இல்ல. வாயத் திறக்காத பிள்ளைங்க கை தூக்குறாங்க, அவ்வளவுதான்" என்று சொன்னாள். பிறகு தன் பாடத்தின் திரையைக் காட்டினாள். அது அவருடையதைவிடச் சிவப்பாக இருந்தது. கணக்கு ஆசிரியர் சிரித்துவிட்டார். மனிதர் அன்றோடு வழிக்கு வந்தார்.

அக்கம்பக்கத்துச் சின்னப் பள்ளிகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். அங்கெல்லாம் அறிவியலுக்கு ஆசிரியரே இல்லை. எங்கள் பாடங்களைத் தங்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று கேட்டார்கள். குழு ஒப்புக்கொண்டது. என் மகனின் குரல் இன்னும் பல வகுப்புகளில் கேட்கப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் மருமகள் ஏழு பாடங்களை எடுத்துவிடச் சொன்னாள்.

அன்று கூட்டம் முடிந்து வந்து மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். என் மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள். நானே பேச்சைத் தொடங்கினேன்.

"காரணம் சொல்லு."

"அதுல தப்பு இருக்கு மாமா."

"யார் கண்டுபிடிச்சது? ஒரு பிள்ளையாவது புரியலன்னு அழுத்தியிருக்கா? நீ கொண்டுவந்த பட்டன்தானே? எடுத்துப் பாரு."

"பாத்துட்டேன். ஒருத்தரும் அழுத்தல. அவரோட பாடம் எதுலயும் ஒரு புள்ளி சிவப்பு கிடையாது."

"பின்ன என்ன?"

"அதைப் பாத்துதான் மாமா பயந்தேன். புரியலன்னு ஒரு பிள்ளைகூட சொல்லாத பாடம்னு ஒண்ணு கிடையாது. எனக்கே இல்ல, கணக்கு சாருக்கு இல்ல. இவருக்கு மட்டும் எப்படி? அதுக்கப்புறம்தான் உக்காந்து கேட்டேன்."

"அப்போ இத்தனை நாள் கேக்கலையா நீ?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கடைசிப் பாடங்களைக் கேக்கல. அவர் பேசினதை அப்படியே ஏத்திவிட்டேன். என்னால கேக்க முடியல மாமா."

"நீ கேக்காததுக்கு அவன் மேல தப்பா?"

"வலிக்கு மயக்கம் வர்ற மருந்து குடுத்த நாட்கள்ல பேசினது அதெல்லாம். அவருக்கே தெரியாம மாத்தி மாத்திச் சொல்லியிருக்காரு. நம்ம பிள்ளைங்களுக்குத் திருத்திச் சொல்ல இங்க வாத்தியார் இருக்காரு. அந்த ஸ்கூல்ல யார் இருக்கா? இவர் சொல்றதுதான் அவங்களுக்குப் பாடம்."

"பொறாமைக்காரங்க நாலு பேர் உன் காதுல ஊதியிருக்காங்க. செத்தவன் வந்து மறுத்துப் பேச மாட்டான்னு தைரியம்."

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். மகன் போன பிறகு அந்தப் பாடங்கள் ஓடும் நேரத்தில் அவள் பள்ளிப் பக்கமே வந்ததில்லை. "நான் ஏன் அதைக் கேக்குறதில்லன்னு நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?" என்றாள். "பிள்ளை வலியில முனகுறது உங்களுக்குப் பாடமாக் கேக்குது. எனக்கு முனகலாத்தான் கேக்குது. அதை ஊர் முழுக்க வேற வைக்கணுமா?"

நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். வகுப்பில் போய் நானே உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டிருந்தேன், அதனால்தான் எழுந்தேன்.

அந்த ஏழு பாடங்களில் ஒன்று ஓடும் நாளாகப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல்தான் போனேன். ஆனால் எங்கள் பள்ளியில் நான் வாசலில் கால் வைக்குமுன் செய்தி மாடிக்குப் போய்விடும். தண்ணீர்க் குழாயருகே நின்ற இரண்டு பெண் பிள்ளைகள் என்னைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த பீரியட் என்னடி?"

"அஞ்சலி. இஸ்திரி வேற வர்றாராம். அசையாம உக்காரணும்."

"பட்டனைத் தெரியாமத் தொட்டுடாதே. சின்னவர் பாடத்துல அழுத்தினா நேரா இஸ்திரி போனுக்குப் போயிடுமாம்."

பிள்ளைகள் என் மகனின் பாடத்தை அஞ்சலி என்று அழைக்கிறார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மரியாதையான சொல்தானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு மாடி ஏறினேன்.

அறிவியல் ஆசிரியர் எனக்கு நாற்காலி போட்டார். என் மகனுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர்; அவனோடு படித்தவர். வகுப்பு எழுந்து நின்றது, உட்கார்ந்தது. திரையில் ஒரு பேட்டரியும் மூன்று விளக்குகளும் வந்தன. பிறகு அவன் குரல்.

விளக்குகளை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தால் தொடரிணைப்பு, தனித்தனிப் பாதையில் கோத்தால் பக்க இணைப்பு என்று சரளமாகத்தான் தொடங்கினான். போகப் போகக் குரல் தடித்தது. "தொடரிணைப்புல... ஒரு விளக்கு போனாலும்... மத்ததெல்லாம் எரியும்" என்றான். பிறகு வெகு நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "எங்க விட்டேன்?" என்று யாரையோ கேட்டான். மறுபடி அதையே சொன்னான்.

நான் சட்டம் படித்தவன்; விளக்குக் கணக்கு எனக்குத் தெரியாது. அதனால் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் புருவம் சுருக்கவில்லை. டேப்லெட்டுகள் மேசை மேல் வரிசையாக இருந்தன; கைகள் எல்லாம் மடியில் இருந்தன. நீதிமன்றத்தில்கூட நான் இப்படி ஓர் ஒழுங்கைப் பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பாடம் முடிந்ததும் முன்வரிசையில் தடிமனான கண்ணாடி போட்டிருந்த பெண்ணை எழுப்பினேன்.

"ஒரு விளக்கு போனாலும் மத்தது எரியுறது எந்த இணைப்பும்மா?"

"தொடரிணைப்பு, ஐயா."

"சபாஷ்" என்றேன். வாசலில் மருமகள் வந்து நின்றிருந்தாள். "பாத்தியா?" என்று அவளைக் கேட்டேன். அறிவியல் ஆசிரியர் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் உள்ளே வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் குனிந்தாள். "நம்ம வகுப்புல ஒரு லைட் ஃபியூஸ் போச்சுன்னா மத்ததும் அணைஞ்சுடுமா?"

"இல்ல மேடம். எரியும்."

"அப்போ இது எந்த இணைப்பு?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், ஆசிரியரைப் பார்த்தாள், மறுபடி மருமகளைப் பார்த்தாள்.

"மேடம், நிஜமாக் கேக்குறீங்களா, இல்ல சின்னவர் பாடத்துக்குக் கேக்குறீங்களா?"

"நிஜமாத்தான் கேக்குறேன்" என்றாள் மருமகள்.

"பக்க இணைப்பு மேடம். தொடரிணைப்புன்னா ஒண்ணு போனா எல்லாம் போயிடும்."

"தெரிஞ்சும் ஐயாகிட்ட ஏன் மாத்திச் சொன்னே?"

அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அவரு பையன் இல்லையா மேடம்... எப்படித் தப்புன்னு சொல்றது?"

நான் எழுந்தேன். அந்தப் பெண் நான் திட்டப்போகிறேன் என்று நினைத்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். "உக்காரும்மா" என்று மட்டும் சொல்ல முடிந்தது. மேற்கொண்டு பேசியிருந்தால் என் குரல் பிசகியிருக்கும். அத்தனை பிள்ளைகள் முன்னால் அது நடக்க நான் விடவில்லை.

வராந்தாவில் அறிவியல் ஆசிரியர் பின்னாலேயே வந்தார்.

"ஐயா, மன்னிக்கணும். அடுத்த பீரியட்ல நான் திருத்தி நடத்திடுவேன். எப்பவும் அப்படித்தான்."

"எப்பவும்னா?"

"ஆரம்பத்துலேர்ந்து ஐயா. முதல்ல அஞ்சலி... முதல்ல அந்தப் பாடம், அப்புறம் என் பாடம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்படி ஐயா சொல்றது? நிறுத்தக் கூடாதுன்னு தீர்மானமே இருக்கு. நீங்க வேற வருஷா வருஷம் வந்து கண்ண மூடிக்கிட்டுக் கேப்பீங்க." சற்றுத் தயங்கினார். "அவன் இருந்திருந்தா சிரிச்சிருப்பான் ஐயா. அவன் வகுப்புல யாராவது அவன் சொன்னது தப்புன்னு காட்டிட்டா, தன் நாற்காலியை அந்தப் பிள்ளைக்குக் குடுத்துட்டுப் போய் பெஞ்சுல உக்காந்துக்குவான். அன்னைக்கு முழுக்கப் பெஞ்சுதான். பிள்ளைங்க அதுக்காகவே தப்புத் தேடுவாங்க."

இது எனக்குத் தெரியாது. என் மகன் பெஞ்சில் உட்கார்ந்ததை யாரும் என்னிடம் சொன்னதில்லை. தெரிந்திருந்தால் அவனைக் கூப்பிட்டுக் கண்டித்திருப்பேன் என்பதால் சொல்லவில்லையோ என்னவோ. என் பிள்ளையைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம், அவன் போன பிறகு ஒரு வராந்தாவில் நின்று எனக்குத் தெரியவந்தது.

அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை நானே கொண்டுவந்தேன். கடைசி ஏழு பாடங்களையும் எடுத்துவிடுவது. மீதிப் பாடங்களை ஆசிரியர் விரும்பிய இடத்தில் நிறுத்தலாம், திருப்பி ஓட்டலாம். எழுந்து நிற்க வேண்டாம். பிள்ளைகள் அழுத்துவது யாருடைய போனுக்கும் போகாது என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்ல வேண்டும்.

குழுவில் இருந்த ஜவுளிக்கடைக்காரர் என் தகப்பனார் காலத்து மனிதர். அவருக்கு மனம் கேட்கவில்லை. "பெரியவரே, யோசிச்சுச் செய்யுங்க. நாளைக்கு நாலு பேர், சின்னவர் பாடத்தையே தூக்கிட்டாங்கன்னு பேசுவாங்க. குடும்பத்துப் பேரு என்னாகுறது?"

"என் மகன் பேர்ல ஒரு தப்பு ஓடிக்கிட்டிருக்கு. அது தெரிஞ்சும் பச்சைப் பிள்ளைங்க எனக்காகப் பொய் சொல்லுதுங்க. அதை நிறுத்துறதுதான் எங்க வீட்டுக்கு மரியாதை."

"மருமக சொன்னாங்கன்னு..."

"அவ சொன்னா. அவ சொன்னது சரி. எழுதிக்குங்க."

மருமகள் குழுவின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை.

பாடங்களை நீக்கும்போது நான் கூட இருப்பேன் என்று சொல்லியிருந்தேன். அவளுடைய அறையில், டேப்லெட் அலமாரிக்கும் மேசைக்கும் நடுவில், நிற்க மட்டும் இடமிருந்தது. நாற்காலி எடுத்து வரவா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். திரையில் பாடங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தொட்டாள், அது போயிற்று. கீழே இருந்தது மேலே வந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. ஒரு காரியம் நடந்ததற்கு அடையாளமே இல்லை.

கடைசிப் பாடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

"வீட்டுக்கு ஒண்ணு எடுத்து வெச்சுக்கட்டுமா மாமா?"

"உனக்கு வேணும்னா வெச்சுக்கோம்மா."

"எனக்கு வேணாம். நான் கேட்ட அவரு குரல் அதுல இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "உங்களுக்கு?"

முடிச்சுட்டேம்பா என்று அவன் சொன்னது அந்தப் பாடத்துக்குப் பிறகுதான். அதை மைக் பிடித்திருக்குமா என்று அவளைக் கேட்க வாயெடுத்தேன். கேட்டிருந்தால் தேடிப் பார்த்திருப்பாள். பள்ளிக்காக அவன் பேசியதில் எனக்கென்று ஒரு துண்டை வெட்டி எடுத்து மறைத்து வைத்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

"எடுத்துடு" என்றேன்.

எடுத்துவிட்டாள். நான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். மாமனார் கொடுத்ததை வாங்கலாமா என்று ஒரு கணம் யோசித்தவள், பிறகு வாங்கிக்கொண்டாள்.

அந்த ஏழு பாடங்களையும் இப்போது மருமகளும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து பதிவு செய்துவிட்டார்கள். மற்றப் பள்ளிகளுக்கும் திறந்தாகிவிட்டது. என் மகனின் முந்தைய பாடங்கள், அவன் திடமாக இருந்தபோது பேசியவை, எல்லா இடத்திலும் ஓடுகின்றன. அவனுடைய திரையிலும் சிவப்பு வருகிறது. ஒரு பாடம் பாதிக்கு மேல் சிவந்திருக்கிறது என்று மருமகள் சொன்னாள். முகத்தில் வருத்தம் இல்லாமல்தான் சொன்னாள்; நானும் வருத்தத்தைக் காட்டிக்கொள்ளாமல்தான் கேட்டேன்.

சென்ற வாரம் மாடி வராந்தாவில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வகுப்பில் ஒரே இரைச்சல். நடுவில் என் மகன் குரல், ஒலியைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தது. ஒரு வாக்கியத்தின் பாதியில் அது அறுந்தது, யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். என் கால்கள் நின்றுவிட்டன.

"சார்," என்றது ஒரு பிள்ளைக் குரல், உள்ளே. "எதிரொலி திரும்பி வர நேரமாகும்னு இவரு சொல்றாரே, அப்போ ரொம்பக் கிட்ட நின்னு கத்தினா ஏன் சார் கேக்கவே மாட்டேங்குது?"

"நல்ல கேள்விதான்" என்றார் ஆசிரியர். "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். இவரா இருந்தா இன்னும் நல்லாச் சொல்லியிருப்பாரு."

என் மகனை ஒரு பிள்ளை கேள்வி கேட்கிறது. அவன் போன இத்தனை வருடத்தில் இப்போதுதான் கேட்கிறது. ஆசிரியர் ஏதோ விளக்கினார். பிள்ளைகள் குறுக்கே பேசினார்கள். யாரோ மேசையில் தட்டிக் காட்டினார்கள். பிறகு அவன் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினான், அந்தக் கேள்வி எதுவும் காதில் விழாதவனாக, அதே நிதானத்தோடு.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வகுப்பு வரிசையாக வந்துகொண்டிருந்தது. நான் நேராக நிமிர்ந்து, அவர்களுக்கு வழி விட்டுச் சுவரோரம் நின்றேன்.